நீங்க முன்னால போங்க, சம்பந்தி

என்றும் என் மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. என் இரண்டு முழங்கால்களும் இடது கால் கட்டைவிரல் நகமும் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் குழந்தைகளும் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாகச் சமதரையில், இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சமதரையில் இருப்பதை அப்படியே தொடரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இந்த மலையில் போன் பேச வேண்டுமானால் விடுதியின் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்க வேண்டும். இனிமேல் எதன்மேலும் ஏறுவதில்லை என்று நேற்று மதியம் ஒரு மணிக்கு முடிவெடுத்துவிட்டேன். அதுவும் தவிர, போனில் சொன்னால் "சரி சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் அது அக்கா கையில்தான் முதலில் கிடைக்கும், அக்கா சத்தம் போட்டுப் படிப்பாள், நீங்கள் உட்கார்ந்து கேட்டே ஆகவேண்டும். அக்கா, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அத்தான் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்.

விஷயம் இதுதான். உங்கள் மருமகளின், அதாவது என் மகளின், கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க நம் வீட்டுக்கு வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார் வரப்போவதில்லை. அதற்குக் காரணம் நான். எனக்குக் காரணம் நீங்கள்.

அன்று பேச்சுவார்த்தைக்கு அவர்கள் வந்திருந்தபோது கூடத்தில் எல்லோரும் என்ன பேசுவதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா பல் டாக்டர், ஐம்பத்தெட்டு வயது, மலைகளில் நடக்கும் ஓட்டப் பந்தயங்களுக்குப் போய் வருகிறவர் என்று அவருடைய வீட்டுக்காரர் பேச்சுக்குச் சொன்னார். நீங்கள் சும்மா தலையை ஆட்டியிருக்கலாம். பலகாரத் தட்டை நகர்த்தியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, "எங்க மச்சான்கூட தினமும் காலையில பத்து கிலோமீட்டர் ஓடுவாரே!" என்றீர்கள். நான் யார், அத்தான்? முப்பத்தாறு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். மனிதர்கள் படி ஏறக் கூடாது என்பதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவன். "எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நாலு கிலோ" என்ற பலகைக்குக் கீழே என் கையெழுத்து இல்லாத கட்டடம் ஊரில் குறைவு. அடுப்பில் பால் பொங்கினால்கூட நடந்து போய் அணைக்கிறவன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?

நீங்கள் அப்படிச் சொன்னதும் சம்பந்தியம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நிஜமாவா! எங்க வீட்ல ஒருத்தருக்கும் ஓட்டம் கிடையாதுங்க. இவர் ஓட்டம் முடியற கோட்டுக்கிட்ட பைய பிடிச்சுக்கிட்டு நிப்பார், இவன் வேன்லயே தூங்குவான். எட்டு வருஷமா நான் தனியாத்தான் ஓடறேன். ஓடற சம்பந்தி கிடைச்சிருக்கீங்களே!" என்று அவர் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். மறுப்பதற்கு வாயைத் திறந்தவன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு வரன் பார்த்தோம்; பன்னிரண்டுக்கும் உங்கள் மருமகள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். இந்தப் பையன் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டுத் தன் கைக்குட்டையாலேயே தரையைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்று வாயைத் திறந்து சொன்னாள். அந்த ஒரு "சரிப்பா"வுக்காக நான் பத்து கிலோமீட்டர் என்ன, நூறு கிலோமீட்டர் ஓடுகிறேன் என்றுகூடத் தலையாட்டியிருப்பேன். நிச்சயம் முடிந்த மறுவாரமே போன் வந்தது. "சம்பந்தி, மலைப் பந்தயத்துக்கு உங்க பேரையும் சேத்துக் குடுத்துட்டேன். பதினாறு கிலோமீட்டர்தான். உங்களுக்கு அது காலை நடை மாதிரி. ரெண்டு குடும்பமும் சேந்தே போயிட்டு வந்துடலாம்."

ஒரு மாதம் பயிற்சி செய்தேன். முதல் நாள் காலை நம் தெருவில் ஓடியபோது முனைக் கட்டடத்துக் காவலாளி தடியை எடுத்துக்கொண்டு கூடவே ஓடி வந்து, "யார் சார் துரத்தறாங்க? எந்தப் பக்கம்?" என்றார். யாரும் துரத்தவில்லை என்றேன். "அப்ப யாரையாவது பிடிக்கணுமா?" என்றார். அதுவும் இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா சார்?" என்றார். மறுநாளிலிருந்து நடந்தேன். ஷூ வாங்கப் போன கடையில் ட்ரெட்மில் என்ற ஓடும் பட்டை ஒன்றின்மேல் ஏற்றிவிட்டார்கள். எந்த இயந்திரத்தில் ஏறினாலும் அவசர நிறுத்தப் பொத்தானை முதலில் சோதிப்பது என் தொழில் வழக்கம். சோதித்தேன். பொத்தான் அருமையாக வேலை செய்தது. பட்டை நின்றது, நான் நிற்கவில்லை, முன்னால் இருந்த கண்ணாடியில் போய் மோதினேன். பொத்தானில் ஒரு குறையும் இல்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஷூவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று நாளைக்கு முன்பு இரண்டு குடும்பமும் ஒரே வேனில் புறப்பட்டோம். போகிற வழியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைந்து, மூடியிருந்த பொருளெல்லாம் திறக்கப் பார்த்தது. பிஸ்கட் பாக்கெட்டுகள் தலையணை அளவுக்கு உப்பின. என் மனைவி முகக் களிம்பின் மூடியைத் திருகியதும் களிம்பு தானாகவே வெளியே பாய்ந்து சம்பந்தி ஐயாவின் சட்டையில் ஒரு நீளக் கோடு போட்டது. அவர் நிதானமான மனிதர். "பரவால்ல, வெள்ளச் சட்டைதானே" என்றார். இருபத்து நாலாவது கொண்டை ஊசி வளைவில் நான் சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று வாயைத் திறந்தேன். உண்மைக்குப் பதிலாகக் காலைச் சாப்பாடு வந்தது. டாக்டரல்லவா, சரியான நேரத்தில் பையை நீட்டிவிட்டார். "பேசாதீங்க சம்பந்தி, தூரத்துல இருக்கற ஏதாவது ஒண்ணப் பாருங்க" என்றார். தூரத்தில் நாங்கள் ஏறவேண்டிய மலைதான் இருந்தது.

விடுதியில் எங்களுக்கு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அத்தான், லிஃப்ட் கிடையாது என்றால்கூடத் தாங்கிக்கொள்வேன். லிஃப்டுக்காகக் கட்டிய கூண்டு இருக்கிறது, கதவு இருக்கிறது, உள்ளே விறகு அடுக்கியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூண்டுக்குப் பக்கத்து ஜன்னலில் பனிச் சிகரம் தெரிந்ததால் சம்பந்தியம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "முதல் தடவை பாக்கறப்ப எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று தேற்றினார். கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டர் உயரம். அங்கே ஷூ கயிறு கட்டினால் மூச்சு வாங்குகிறது. தும்மினால் உட்கார வேண்டியிருக்கிறது. மெல்லும்போது நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த கவளம். பந்தயத்தின் மொத்த ஏற்றம் தொள்ளாயிரம் மீட்டர் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். முந்நூறு மாடி. முந்நூறு மாடிக் கட்டடத்தை லிஃப்ட் இல்லாமல் கட்டியவனை என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தியம்மா தன் கிளினிக் சுவரைப் பற்றிச் சொன்னார். இதே பந்தயத்தில் ஏழு தடவை ஓடி ஏழு மெடல் வாங்கி அங்கே மாட்டியிருக்கிறாராம். எட்டாவதுக்கு ஆணியும் அடித்துவிட்டுத்தான் வந்தாராம்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. மதியம் ஒரு மணிக்குள் முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் மெடல். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பு சொல்லிவிடலாம் என்று இன்னொரு தடவை வாயைத் திறந்தேன், அதற்குள் வெடித்துவிட்டது. முந்நூறு பேர் ஓடினார்கள், கூட்டத்தில் நானும் ஓடினேன். இருநூறு மீட்டர் ஓடினேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். அதற்குமேல் காற்று தீர்ந்துவிட்டது. முன்னால் போய்விட்ட சம்பந்தியம்மா திரும்பி ஓடி வந்து, "என்ன சம்பந்தி, ஆரம்பத்துல அடக்கி வாசிக்கிறீங்களா? நல்ல யோசனை" என்றார். ஆமாம் என்றேன். அவரும் அடக்கி வாசித்தார். அங்கே ஆரம்பித்தது தொல்லை. அவர் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் எட்டாவது மெடல் அவருக்கு, வேனில் படுக்கை எனக்கு. ஆனால் சம்பந்தி முறை இருக்கிறதே! மாப்பிள்ளை வீட்டாரை முந்தி நான் போகக் கூடாது. கூட வந்தவரை விட்டுவிட்டு அவர் போகக் கூடாது. "நீங்க போங்க சம்பந்தியம்மா, நான் பின்னாலயே வந்துடறேன்" என்பேன். "சேச்சே, அதெப்படி, நிதானமா வாங்க" என்பார். ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிப் பார்த்தேன், பதினாலு தடவை. பதினாலு தடவையும் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க" என்றார்.

மூன்றாவது கிலோமீட்டரில் எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, வால்காரரைத் தவிர. வால்காரர் என்பது ஒரு பதவி, அத்தான். கடைசியாக வருகிறவருக்கும் பின்னால் வந்து, வழியில் நட்டிருக்கும் சிறு கொடிகளைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. எங்கள் வேகத்தைப் பார்த்துவிட்டு அவர் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டே நடந்தார். ராசிபலன் பக்கம் வந்ததும் எங்கள் ராசி என்ன என்று கேட்டு வாசித்தார். எனக்கு வீண் அலைச்சல் என்று போட்டிருந்தது. மேல் கூடாரத்துக்குத் தண்ணீர் கேன் சுமந்து போன கழுதைகள் எங்களை முந்தின. அவற்றில் ஒன்று நின்று புல் மேய்ந்துவிட்டு மறுபடியும் முந்தியது. ஆறாவது கிலோமீட்டரில் ஒரு ஏரி வந்தது. சம்பந்தியம்மா அப்படியே நின்றுவிட்டார். "இது எப்ப வந்துது?" என்றார். "எது?" என்றேன். "இந்த ஏரி. ஏழு வருஷமா இதே வழியிலதான் ஓடறேன். இங்க ஏரி இருக்கா?" வால்காரர் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ரொம்ப நாளா இருக்குதும்மா" என்றார். சம்பந்தியம்மா சிரித்தார். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொண்டே ஏறினோம். அவர் முதல் பல் பிடுங்கியபோது மயங்கி விழுந்தது நோயாளி அல்ல, அவர்தான் என்றார். நான் ஒரு வைர வியாபாரியோடும் அவருடைய நாயோடும் ஐந்து மணி நேரம் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். எனக்கு மூச்சு இல்லாததால் ஒரு வாக்கியம் சொல்ல ஒரு கிலோமீட்டர் ஆயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டார்.

உச்சியில் ஒரு கூடாரம். உயரத்தில் புத்தி தடுமாறுகிறதா என்று பார்க்க நர்ஸம்மா ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கிறார். "இன்னிக்கு என்ன கிழமை ஐயா?" என்றார். எனக்குத் தெரியும், அத்தான், சனிக்கிழமை. ஆனால் வாயில் வந்தது, "எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நாலு கிலோ." நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பேர் என்ன?" என்றார். "கதவை மூடிய பின் பொத்தானை அழுத்தவும்" என்றேன். என்னைத் தூக்கிக்கொண்டு போக ஆள் கூப்பிட்டுவிட்டார். சம்பந்தியம்மாதான் நடுவில் புகுந்து, "அவர் எங்க சம்பந்திங்க. அவர் தொழில் அது. நல்லாத்தான் இருக்கார்" என்று கையெழுத்துப் போட்டு என்னை மீட்டார். அந்த உயரத்தில் தலைக்குள் காற்றுக் குறைந்து எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. கழுதையைப் பார்த்துச் சிரித்தோம், பனியைப் பார்த்துச் சிரித்தோம், வால்காரர் குறுக்கெழுத்துப் போட்டியில் மாட்டிக்கொண்டு விழித்ததைப் பார்த்துச் சிரித்தோம். நான் இத்தனை வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. பொய் சொல்லி வந்திருக்கிறோம் என்பதே அரை மணி நேரம் மறந்துவிட்டது.

இறக்கத்தில் ஒரு பனிச் சரிவு. எல்லோரும் ஓரமாகச் சுற்றிப் போகிறார்கள். நான் கால் வைத்தேன், கால் முன்னால் போய்விட்டது, நான் உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே புறப்பட்டுவிட்டேன். லிஃப்டில் வடம் அறுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி உண்டு. எனக்கு அது இல்லை. "ஐயோ சம்பந்தி!" என்று கத்திக்கொண்டே அவரும் உட்கார்ந்து வழுக்கி வந்தார். மேலே தனியாக நின்ற வால்காரர் தன் பதவியை நினைத்து, கொடிகளை மடியில் வைத்துக்கொண்டு அவரும் வந்தார். ஒன்றரைக் கிலோமீட்டர் வழியை மூன்று பேரும் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டோம். கால்சட்டையின் பின்பக்கத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சம்பந்தியம்மா குதித்தார். "சம்பந்தி, பிடிச்சிடலாம்! மெடல் ரெண்டு பேருக்கும்!"

உண்மையாகவே பிடித்துவிட்டோம், அத்தான். ஒரு மணி அடிக்க ஒன்பது நிமிடம் இருக்கும்போது கோட்டுக்கு முன்னால் வந்து நின்றோம். இந்த இடத்தைப் பொறுமையாகப் படிக்கும்படி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒருவர் பின் ஒருவராகத்தான் போகும்படி வழியைக் குறுக்கியிருந்தார்கள். நான் நின்றேன். "போங்க சம்பந்தியம்மா" என்றேன். "நீங்க முன்னால போங்க, சம்பந்தி" என்றார். "ஐயோ, மாப்பிள்ள வீட்டுக்காரங்க, நீங்க போங்க." "நான் கூட்டிட்டு வந்தவ. நீங்க போகாம நான் எப்படிப் போறது?" கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு குடும்பமும் நின்றன. முன்னால் காலை வைத்தால் வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன் என்று என் மனைவி கண்ணால் சொன்னாள். உங்கள் மருமகள் கத்தினாள், "அப்பா! கால எடுத்து வைங்கப்பா! யாராச்சும் வாங்க!" மாப்பிள்ளை, "அம்மா, நீயாவது வாம்மா!" என்றார். ஒலிபெருக்கிக்காரர், "ஐயா, அம்மா, ஆறு நிமிஷம் இருக்குது" என்றார். சேர்ந்தே தாண்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பக்கவாட்டில் திரும்பி ஒட்டி நின்றோம். கூட்டம் மொத்தமும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியது. மூன்றுக்கு அவர் அரை அடி போகட்டும் என்று நான் நின்றேன், நான் அரை அடி போகட்டும் என்று அவர் நின்றார். மறுபடியும் எண்ணினார்கள். மறுபடியும் நின்றோம். நான்தான் பின்னால் என்பதைத் தெளிவாகக் காட்டிவிடலாம் என்று இரண்டடி பின்னால் போனேன். அது மரியாதை இல்லை என்று அவர் மூன்றடி பின்னால் போனார். நான் விடுவேனா? இப்படியே இருவரும் கோட்டிலிருந்து பதினோரு அடி பின்வாங்கியபோது ஒரு மணி அடித்தது. "கொஞ்சம் வழி விடுங்க" என்று வால்காரர் எங்கள் நடுவே புகுந்து, கொடிக் கட்டோடு கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். வால்காரர் தாண்டினால் பந்தயம் முடிந்தது.

சம்பந்தியம்மா கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே, ஒலிபெருக்கி திறந்திருக்கிறது என்பதுகூடத் தெரியாமல், "நான் ஓடறவனே இல்ல சம்பந்தியம்மா. ஒரு நாளும் ஓடினதில்ல. எங்க அத்தான் சும்மா சொன்னார், நானும் வாய மூடிக்கிட்டேன். உங்க மெடல நான் கெடுத்துட்டேன். எம் பொண்ணுக்கு இதுல சம்பந்தம் இல்ல, அவள ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். மலை அடிவாரம் முழுக்கக் கேட்டதாம். சம்பந்தியம்மா கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நேரே விடுதிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சம்பந்தி ஐயா மட்டும் வந்து, "அவ இப்ப பேசற நிலைமைல இல்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு போனார். இன்று காலை மாடிப்படியில் எதிரே வந்த சம்பந்தியம்மா என்னைப் பார்த்ததும் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பி ஓடிவிட்டார். உங்கள் மருமகள் என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "விடுங்கப்பா" என்றாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஏழு வருடம் தவறாமல் ஓடிய ஒரு மனுஷிக்குத் துணை வருகிறேன் என்று சொல்லி, கோட்டில் கொண்டுபோய் நிறுத்திக் கவிழ்த்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போய், பொய் சொன்னது நீங்கள் என்றும், பெண்ணுக்கு அதில் ஒரு துளி பங்கும் இல்லை என்றும், அவள் அப்பன் ஒரு முட்டாள் என்றும் சொல்லுங்கள். கடைசிப் பகுதியை விவரமாகவே சொல்லலாம். நான் வரமாட்டேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. ஷூவை இங்கேயே விறகுக் கூண்டில் விட்டுவிட்டு வருகிறேன். இந்தப் பிறவியில் இனி ஓடமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் ஆசிகளையும் தெரிவிக்கவும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் தரைத்தளத்து வீட்டோடும் வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் சொல்லால் மலை ஏறி, தன் செயலால் இறங்கிய
மைத்துனன்

பின்குறிப்பு: எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும், பஸ்ஸில் எழுதுகிறேன். வேன் பழுதாகிவிட்டதால் பத்து மணிக்கு விடுதி வாசலில் பஸ் வந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். படிக்கட்டுக்குக் கீழே நானும் சம்பந்தியம்மாவும் மிஞ்சினோம். அவர் வாயில் துண்டு. தலையைக் குனிந்துகொண்டு, "ஏறுங்க சம்பந்தியம்மா" என்றேன். துண்டுக்குள்ளிருந்து, "நீங்க முன்னால ஏறுங்க சம்பந்தி" என்று குரல் வந்தது. நான் எப்படி ஏறுவேன்? ஓட்டுநர் மூன்று தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். இரண்டு குடும்பத்தோடும் எட்டுப் பெட்டியோடும் பஸ் போயே போய்விட்டது.

புழுதி அடங்கியதும் அவர் துண்டை எடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தார், அத்தான்! சிரித்துச் சிரித்து மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு அடி பின்னால போனோமே சம்பந்தி! பதினோரு அடி! நேத்து மத்தியானத்துலேருந்து தலகாணிய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு சிரிக்கிறேன். உங்க முன்னால சிரிச்சா மரியாதை இல்லியேன்னுதான் கதவ சாத்திக்கிட்டேன்" என்றார். அப்போ என் பொய்? "அதுவா? நான் பல் டாக்டருங்க. இருநூறு மீட்டர்ல நீங்க மூச்சுக்கு வாயத் திறந்ததுமே எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இடது பக்கம் மேல ஒரு பல் சொத்த, அதயும் பாத்துட்டேன்." பிறகு ஏன் என்னோடு நடந்தீர்கள் என்று கேட்டேன். "எட்டு வருஷமா மலைல நான் யார்கூடவும் பேசினதில்ல சம்பந்தி" என்றார். நான் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினேன். அவர் அதற்குள் எழுந்துவிட்டார். "அழுதா பஸ் போயிடும். ரோடு எட்டு வளைவு சுத்திப் போகுது. நேரா சரிவுல இறங்கினா கீழ் வளைவுல பிடிச்சிடலாம். ஓடுங்க!"

ஓடினேன், அத்தான். யார் முன்னால், யார் பின்னால் என்று யோசிக்கவே இல்லை. இரண்டாவது வளைவில் அவரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முந்தினேன், மன்னிப்புகூடக் கேட்கவில்லை. பின்னாலிருந்து அவர், "போங்க சம்பந்தி, போங்க! விடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். கீழ் வளைவில் நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். பஸ் என் மூக்குக்கு முன்னால் நின்றது. நான்தான் முதலில் ஏறினேன். என் மனைவி முறைத்தாள், முறைக்கட்டும். அடுத்து ஏறிய சம்பந்தியம்மா மூச்சு வாங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, முன்பின் தெரியாத பயணிகள், நடத்துநர், ஓட்டுநர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இவர் எங்க சம்பந்தி!" என்றார். உங்கள் மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள், அந்தப் பையன் மறுபடியும் அதே கைக்குட்டையை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வருகிறார்கள். நீங்கள் எங்கேயும் போய் எதையும் சொல்ல வேண்டாம், அத்தான். கல்யாணத்துக்கு வந்தால் போதும்.